முதுகு காட்டி உட்கார்ந்தவர்

அருவிக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவருடைய முதுகுதான் தெரியும். எனக்கு முகம் தெரியும். அவர்கள் சாப்பிட உட்கார்ந்ததும் இவர் எழுந்து, இருபத்தைந்து தப்படி தள்ளிப் போய், ஒரு பாறைமேல் அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். பாதை வழியாக வருகிற எனக்கு நேர் எதிரே அந்த முகம் இருக்கும். பெரிய காதுகள். தலையில் துண்டு. வனக்குழு கொடுத்த காக்கிச் சட்டை இவரைப்போல் ஒன்றரை ஆளுக்குத் தைத்தது. கையை நான்கு மடிப்பு மடித்து விட்டிருப்பார். காலடியில் இரண்டு பழைய பெயின்ட் வாளிகள், விளிம்புவரை தண்ணீர்.

"என்னய்யா, காவல் காக்கிற ஆளு இந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருக்க?" என்று முதல் நாள் கேட்டேன்.

"சாப்டறாங்க சார்," என்றார்.

அதை ஒரு பதில் என்று அவர் நினைத்ததுதான் எனக்கு வியப்பாக இருந்தது.

இது கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் போகும் சாலையிலிருந்து பிரிகிற ஒரு மண்பாதையின் முடிவில் இருக்கும் சின்ன அருவி. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் நான்கு வண்டி கூடுதலாக வரும். நான் கள்ளக்குறிச்சியில் அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் எழுதிக் களைத்து, ஓய்வுபெற்று, மலையடிவாரத்தில் மகள் வீட்டோடு வந்து சேர்ந்தவன். ஊர் வனக்குழுக்காரர்கள், "சும்மாத்தான இருக்கீங்க சார்" என்று சொல்லி, மண்பாதையின் குறுக்கே ஒரு சங்கிலியைக் கட்டி, பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, கையில் ஒரு நோட்டைக் கொடுத்தார்கள். வண்டி எண், ஆட்கள் எத்தனை பேர், உள்ளே என்ன கொண்டுபோகிறார்கள் என்று எழுத வேண்டும். சம்பளம் கிடையாது. எண்ணுகிற வேலைக்கு நான் சம்பளம் எதிர்பார்ப்பவனும் இல்லை. சங்கிலியிலிருந்து தண்ணீர் விழும் இடத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு காலடி. மழை நாளில் நானூற்று நாற்பது. வழுக்காமல் வைக்க வேண்டும்.

முன்பெல்லாம் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் புளிசாதம் கட்டிக்கொண்டு வந்தார்கள். இலையையும் காகிதத்தையும் போட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் பாட்டில்கள் வந்தன. இப்போது மூன்று நான்கு ஆண்டுகளாக வருவது வேறு. ஒரு செருப்புப் பெட்டி மூடி அளவுக்கு அலுமினியத் தட்டு. அதற்குள் கரி. மேலே கம்பி வலை. ஒரு தீக்குச்சி கிழித்துப் போட்டால் போதும், அரை மணியில் கோழி வெந்துவிடும். யூஸ் அண்ட் த்ரோ பார்பிக்யூ என்கிறார்கள். ஆன்லைனில் வாங்கி, மசாலா தடவிய கோழியை டப்பாவில் அடைத்துக்கொண்டு, சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வருகிறார்கள். ஒருமுறை பயன்படுத்திவிட்டு எறிந்துவிடவும் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருக்கிறது. எங்கே எறிவது என்று போடவில்லை. சாம்பல் பூத்து வெள்ளையான பிறகும் உள்ளே கரி இரண்டு மணி நேரம் உயிரோடு கிடக்கும் என்பதையும் போடவில்லை.

அவர் அதற்குத் தட்டடுப்பு என்று பேர் வைத்திருந்தார். எனக்கு அந்தப் பேர் பிடித்துப்போய் நோட்டிலும் அப்படியே எழுதினேன். வண்டி, ஆட்கள், தட்டடுப்பு என்று மூன்று பத்திகள்.

புல்மேல் நேராக வைத்துச் சுடுவார்கள். தட்டை எடுத்ததும் ஒரு சாணும் நான்கு விரலும் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு கட்டம் தெரியும். அந்தக் கட்டத்தில் அடுத்த மழைக்கும் புல் முளைக்காது. முதல் கோடையில் நாற்பத்தொரு கட்டங்களை எண்ணினேன். குச்சி நட்டு வைத்தேன். குச்சியையும் பிடுங்கிக் கோழி குத்திச் சுட்டார்கள். கொழுப்பு ஒட்டிய தட்டைத் தண்ணீரில் வீசினால் கீழே குட்டையில் போய் ஒதுங்கும், மாடு நக்கும். ஒருநாள் இவர் ஒரு கிடேரியின் வாய்க்குள் முழங்கைவரை விட்டு, கசங்கிய அலுமினியத்தை இழுத்து எடுத்ததைப் பார்த்தேன். கையில் ரத்தம். மாட்டினுடையதா அவருடையதா என்று தெரியவில்லை. "கம்மியாத்தான் தின்னிருக்குது," என்று மாட்டைத் தட்டிக்கொடுத்தார்.

இதற்கெல்லாம் மேலே இருந்த சரிவுதான் எங்கள் கவலை. இடுப்பளவு புல். மாசி பிறந்தால் காய்ந்து சருகாகிவிடும். மலை ஊர்க்காரர்கள் கூரைக்கு அறுக்கிற புல் அதுதான். புல்லுக்கு நடுவே கடுக்காய் மரங்கள், அறுபத்தொன்று. எண்ணியிருக்கிறேன். பொறுக்கி விற்றால் ஏழெட்டு வீட்டுக்குச் சில மாதம் ஓடும். அந்தச் சரிவில் தீ ஏறாமல் பார்த்துக்கொள்ளத்தான் இவரை வேலைக்கு வைத்தார்கள்.

இவருக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நைனார்பாளையத்தில் பிறந்து மலையடிவாரத்தில் பெண் எடுத்தவர். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. இருபத்தாறு வருடம் கரும்பு வெட்டப் போயிருக்கிறார். ஐப்பசியில் லாரி ஏறினால் சித்திரையில்தான் வீடு. மனைவிக்கு மூட்டு இரண்டும் போய்விட்டது. குழாயடிக்குப் போக முடியாது, குடம் தூக்க முடியாது. பிள்ளைகள் இல்லை. காவல் வேலை கிடைத்த பிறகுதான் அவர் தினமும் வீட்டில் படுக்கிறார். காலையில் எட்டுக் குடம் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு மலை ஏறுவார். இந்த வேலை போனால் மறுபடி லாரிதான்.

"அதுக்கோசரமாவது கொஞ்சம் அதட்டிப் பேசு," என்று எத்தனையோ தடவை சொன்னேன். "விசில் ஒண்ணு வாங்கித் தரேன்."

"விசிலு இன்னாத்துக்கு சார். நான்தான் பக்கத்துலயே கீறனே."

அவர் முறை வேறு. வண்டியிலிருந்து இறங்குகிறவர்களிடம் போய், கும்பிட்டு, "வாங்க, வாங்க" என்பார், ஏதோ அவர் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்கள் மாதிரி. பையில் தட்டடுப்பு தெரிந்தால், "புல்லு மேல வாணாங்க, இந்தப் பாறை மேல வெச்சிக்குங்க, சாப்ட்டு முடிச்சி ஒரு குரல் குடுங்க, நானே வந்து அணைச்சிக்கறேன்" என்பார். அவ்வளவுதான். அப்புறம் தள்ளிப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். அவர்கள் தின்று, கை கழுவி, போட்டோ எடுத்து முடித்த பிறகு திரும்புவார். "சாப்ட்டாச்சிங்களா?" என்று கேட்பார். ஆச்சு என்றால்தான் வாளியைத் தூக்குவார். ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையைக் கரிமேல் வைத்துப் பார்ப்பார். பிறகு சாக்கில் போட்டுக்கொள்வார்.

வனக்குழு ஒரு அறிவிப்புப் பலகை வைத்தது. நல்ல தகரம். தீ மூட்டாதீர், குப்பை போடாதீர். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பலகையைக் காணவில்லை. தேடிப்போனால், ஐந்து இளைஞர்கள் அதைக் கழற்றிப் பாறைமேல் வைத்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். இவர் ஓடிவந்தார். அதட்டப்போகிறார் என்று பார்த்தேன்.

"தம்பி, அதுல துரு கீதுங்க. வவுத்துக்கு ஆவாது. நான் எல பறிச்சாரேன்."

அவர்களில் ஒருவன் சிரித்தான். "பெரியவரே, நீங்க இன்னா ஃபயர் சர்வீஸா?"

"ஃபயரு உங்களுது தம்பி. சர்வீஸு மட்டும்தான் நானு."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அப்புறம் "அண்ணே, கொஞ்சம் தண்ணி", "அண்ணே, இந்த வெங்காயத்த நறுக்கிக் குடுங்களேன்" என்று ஆரம்பித்தார்கள். இவர் இலையை விரித்து நறுக்க உட்கார்ந்துவிட்டார். நான் அருகில் போய் நின்று, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் திட்டினேன். நீ காவல்காரனா, சமையல்காரனா. எழுந்து போ என்று சொல்ல உனக்கு அதிகாரம் இருக்கிறது. சொல்லு.

"சாப்டற எடத்துல போயி எழுந்திரின்னு சொல்லக் கூடாது சார்."

"ஏன் கூடாது?"

"என்னிய எழுப்பி கீறாங்க."

கையிலிருந்த கத்தி நிற்கவில்லை. இன்னும் ஒரு வெங்காயம் முடிந்தது.

"நைனார்பாளையத்துல. ஒரு கல்யாணத்துல. எட்டு வயசு இருக்கும். தெரியாத்தனமா முன்பந்தியில பூந்துட்டேன். அப்பளத்த நொறுக்கிட்டேன். சாம்பாரு ஊத்தல, எழுப்பிட்டாங்க."

அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நறுக்கிய வெங்காயத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு எதிர்ப்பாறைக்குப் போனார். கோழித் துண்டு நீட்டினார்கள். வாங்கி இலையில் மடித்து வைத்துக்கொண்டார். அவர்கள் போன பிறகுதான் தின்றார். அதையும் எனக்கு முதுகைக் காட்டித்தான்.

முதுகு காட்டுவதற்கு அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. தின்கிறவர்களை வேடிக்கை பார்த்தால் கண் படும். குழந்தைகளுக்கு வயிற்று வலி வரும். பெண்கள் கூச்சப்பட்டுப் பாதியில் கை கழுவுவார்கள். நான் பாதையில் நின்று அவர்களைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தால், "சார், இப்டி திரும்பி உக்காருங்க சார்" என்பார். படித்தவன் நான். கண் படும் என்பதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் அவர் சொன்ன பிறகு திரும்பாமல் நிற்க ஒரு மாதிரி இருக்கும். திரும்பிவிடுவேன்.

இவ்வளவு குறை சொல்கிறேனே, நோட்டில் இருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் வந்த பிறகு, காலையில் உள்ளே போன தட்டடுப்புகளின் எண்ணிக்கையும் மாலையில் சாக்கில் வெளியே வந்த எண்ணிக்கையும் பெரும்பாலும் ஒத்துப்போயின. புதிதாகக் கறுப்புக் கட்டம் விழுவது மிகவும் குறைந்தது. பாறை பாறையாகச் சுமந்து வந்து பதினான்கு இடங்களில் பலகைபோல் கிடத்தியிருந்தார். அதில் இரண்டைக் கிரிக்கெட் ஸ்டம்ப் ஆக்கினார்கள், நான்கின்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். மிச்சம் எட்டில் ஒழுங்காகச் சுட்டார்கள். சிலர் போகும்போது தாங்களாகவே தட்டை நனைத்து அவரிடம் கொண்டுவந்து கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். அதட்டியிருந்தால் கொடுத்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. இப்படியே எத்தனை நாள் ஓடும் என்ற பயம் மட்டும் எனக்கு ஒருநாளும் விட்டதில்லை.

இரண்டு வருடமும் சில மாதங்களும் ஓடியது.

அது சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. முப்பத்தெட்டு வண்டிகள். தட்டடுப்பு பதினேழு. மூன்று மணிக்குச் சங்கிலியை மாட்டிவிட்டு உள்ளே போனேன். அவர் சாக்கில் பதினாறு இருந்தன. எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒண்ணு?" என்றேன்.

தலையை மட்டும் பின்பக்கம் அசைத்துக் காட்டினார். சரிவின் அடியில், ஒரு கடுக்காய் மர நிழலில், ஒரு குடும்பம். வேனில் வந்தவர்கள், ஒன்பது பேர். அவர்களில் ஒரு வயதான அம்மாளால் பாறையில் ஏறி இறங்க முடியவில்லை. அதனால் மரத்தடியில் உட்கார இவரே இடம் காட்டியிருக்கிறார். தட்டடுப்பு வைக்க ஒரு பட்டைக் கல்லும் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். சுற்றிலும் புல்லை ஒரு முழத்துக்குக் கையாலேயே பிடுங்கி விட்டிருந்தார்.

"காத்து கெளம்புதய்யா," என்றேன். "போய் முடிக்கச் சொல்லு."

"கொழந்தைக்கு ஊட்டிக்கினு கீறாங்க சார். இப்ப போயி நின்னா நல்லா இருக்காது."

"நான் போய்ச் சொல்றேன்."

"வாணாம் சார். அஞ்சி நிமிசம். இப்டி உக்காருங்க. அந்த அம்மா வேற கூச்சப்படுது."

கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று பத்து. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருவரும் பாதையைப் பார்த்தபடி இருந்தோம். மனைவிக்குப் புதுச்சேரியில் மூட்டு வைத்தியம் பார்க்கலாம் என்று யாரோ சொன்னதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். புகை நாற்றம் வந்தது. கோழி என்று நினைத்தேன். பிறகு ஒரு பெண் கத்தினாள்.

திரும்பியபோது புல் ஓர் ஆள் நீளத்துக்கு எரிந்துகொண்டிருந்தது.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. தட்டடுப்பு இருந்த கல்லருகே குழந்தை தவழ்ந்து போயிருக்கிறது. சுட்டுக்கொள்ளப் போகிறதே என்று பதறி, தாய் அந்தத் தட்டைக் காலால் தள்ளிவிட்டிருக்கிறாள். அது பிடுங்கிய முழத்தைத் தாண்டிப் போய்ப் புல்லில் கவிழ்ந்துவிட்டது. எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். எங்களில் யாராவது ஒருவர் அந்தப் பக்கம் பார்த்திருந்தால் தட்டு தள்ளப்படுவது தெரிந்திருக்கும். இரண்டு வாளித் தண்ணீர் அப்போது போதுமாக இருந்திருக்கும்.

இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு ஓடினார். ஊற்றினார். பச்சைக் கிளையை ஒடித்து அடித்தார். அடங்கிவிடும் போலத்தான் இருந்தது. அந்தக் குடும்பம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வேனைப் பார்த்து ஓடியது. வயதான அம்மாள் மரத்தடியிலேயே நின்றுவிட்டார். ஓட முடியவில்லை. "யாராச்சும் வாங்களேன், யாராச்சும் வாங்களேன்" என்று கையை ஆட்டினார். இவர் கிளையைப் போட்டுவிட்டுப் போய் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டார். பாதைவரை கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்ப நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் காற்று சரிவில் ஏறியது. தீயும் ஏறியது.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஊருக்குப் போன் செய்தேன். அப்புறம் நின்றேன். எழுபத்தொரு வயது. நிற்கத்தான் முடிந்தது.

மலை ஊர்க்காரர்கள் நாற்பது பேருக்குமேல் வந்து, மேலிருந்து எதிர்த்தீ வைத்து, ஐந்தரை மணிக்கு அடக்கினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. புல் முழுவதும் போயிற்று. கடுக்காய் மரம் நாற்பத்து நான்கு கருகிவிட்டன. கரி பூசிய முகத்தோடு ஒரு பெண் சரிவைப் பார்த்து, "கூரைக்கு இன்னாத்தப் போடறது இந்த வருசம்?" என்றாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. வனக்குழுவில் ஒருவன் இவரைப் பார்த்து, "நீ காவல் காத்தியா, பந்தி வெச்சியா?" என்றான். இவர் காலி வாளிகள் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டு நின்றிருந்தார். வேன் எப்போதோ போயிருந்தது.

வேனின் எண் என் நோட்டில் இருந்தது. கண்டுபிடித்துக் கேட்டார்கள். "அங்க சமைக்கலாம்னு அந்தக் காவல்காரர்தான் சொன்னார், கல்லும் அவர்தான் போட்டுக் கொடுத்தார்" என்று அவர்கள் சொன்னார்கள். பொய் இல்லை.

பத்து நாள் கழித்து விசாரணை. வனத்துறை அதிகாரி ஒருவர் வந்து பள்ளிக்கூட வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்தார். முதலில் இவரைக் கேட்டார்.

"தீப் பிடிச்சப்ப எங்க இருந்த?"

"அங்கியேதாங்க இருந்தேன்."

"அப்ப பார்த்திருப்பியே."

"பாக்கலீங்க."

"பக்கத்துல இருந்துக்கிட்டு ஏன் பார்க்கல?"

"சாப்டுகினு இருந்தாங்க."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அவரையே பார்த்தார். அதை எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார். படித்தவர், அரசு ஊழியராக இருந்தவர், நீங்கள் எழுதிக் கொடுங்கள் என்றார். சம்பவ நேரத்தில் காவலர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்? அதுதான் கேள்வி.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதிப் பழகியவன் நான். எழுதினேன். மூன்று பத்து முதல் மூன்று பத்தொன்பது வரை காவலர், உணவருந்திக்கொண்டிருந்த குடும்பத்தினருக்கு முதுகு காட்டி, இருபத்தைந்து தப்படி தொலைவில் அமர்ந்திருந்தார். கையெழுத்திட்டேன். நான் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன் என்று அவர் கேட்கவில்லை. வயதான அம்மாளைத் தூக்கி வந்ததையும் கேட்கவில்லை. அந்த ஒன்பது நிமிடக் கணக்கு அவருக்கு மிகவும் பிடித்துப்போய், "இந்த மாதிரி துல்லியமா யாரும் எழுதறதில்ல சார்" என்றார்.

வைகாசியில் வேலை போயிற்று. கவனக்குறைவு என்று காரணம் போட்டிருந்தது.

அதற்குப் பிறகு அவர் அடிவாரத்திலேயே கிடைத்த வேலையைச் செய்தார். களை எடுத்தார், குழி வெட்டினார், வாரத்தில் இரண்டு நாள் கிடைக்கும், ஐந்து நாள் கிடைக்காது. என்னைப் பார்த்தால் எப்போதும்போல, "சாப்ட்டீங்களா சார்?" என்பார். இன்னொரு வாக்குமூலம் எழுத உட்கார்ந்தேன். நானும் அங்கே இருந்தேன், நானும் முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருந்தேன், போய்ச் சொல்கிறேன் என்றவன் போகாமல் உட்கார்ந்தேன், அவர் ஒரு உயிரைக் காப்பாற்றப் போன நேரத்தில்தான் தீ ஏறியது. எழுதிக் கிழித்தேன். ஆறு தடவை கிழித்தேன். ஆனி, ஆடி, ஆவணி போயிற்று.

புரட்டாசியில் ஏழாவதை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன். அதே அதிகாரி. மரியாதையாக நாற்காலி போட்டார். படித்தார். மறுபடியும் படித்தார்.

"இத வாங்கிக்கிட்டா மேல எழுதலாம் சார். திரும்ப விசாரிக்கச் சொல்லுவாங்க. அவருக்குச் சாதகமாக்கூட வரலாம்," என்றார். பிறகு கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஆனா உங்களையும் விசாரிக்கணும். மொதல்ல ஏன் இத மறைச்சீங்கன்னு கேப்பாங்க. நீங்க பென்ஷன் வாங்கறவர். இந்த வயசுல ஆபீசுக்கு ஆபீசு அலையணும். தேவையா சார்? யோசிச்சுக்குங்க. நான் இன்னும் முத்திரை போடல."

தாள் மேசைமேல் இருந்தது. அவர் அதை என் பக்கம் தள்ளவும் இல்லை, தன் பக்கம் இழுக்கவும் இல்லை. மகள் என்ன சொல்வாள் என்று நினைத்தேன். மாப்பிள்ளை முகம் வந்தது. விசாரணை என்றால் எத்தனை முறை வரவேண்டியிருக்கும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. மின்விசிறி சுற்றியது. நான் கையை நீட்டி அந்தத் தாளை எடுத்து, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

ஐப்பசியில் கரும்பு வெட்டுக்கு லாரி வந்தது. சாலை ஓரத்தில் மூட்டைகளும் அலுமினியப் பானைகளும் தார்ப்பாய்ச் சுருளுமாகக் கிடந்தன. சொல்லிக்கொள்ள வருவார் என்று வீட்டில் காத்திருக்க முடியாமல் நானே போனேன். மனைவியையும் கூட்டிக்கொண்டு போகிறார் என்பது அங்கேதான் தெரிந்தது. நடக்க முடியாத பெண்ணை இரண்டு பேர் தூக்கி, கேபினை ஒட்டி ஒரு மூட்டைமேல் உட்கார வைத்திருந்தார்கள்.

"அந்த அம்மாவ எதுக்குய்யா?"

"இங்க வுட்டுட்டுப் போனா தண்ணி யாரு எடுத்துக் குடுப்பா சார்? அங்கன்னா கொட்டாயிலயே குந்திக்கினு ஆளுங்களுக்குச் சோறாக்கும். நானும் கண்ணு முன்னாலயே இருப்பேன்."

மேலேயிருந்து அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "வெயில்ல நிக்கறீங்களே சார். வூட்டுக்குப் போங்க."

டிரைவர் ஹாரன் அடித்தார். இவர் ஏறப் போனவர் நின்று திரும்பினார்.

"எனக்கோசரம் ஆபீசு வரைக்கும் போனீங்களாமே சார். குழுவுல சொன்னாங்க."

"ஆமா, போனேன்," என்றேன்.

"இன்னா சொன்னாங்க?"

அப்போது சொல்லியிருக்கலாம். தாள் வீட்டில் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. லாரி நின்றுகொண்டுதான் இருந்தது.

"ஃபைல முடிச்சிட்டாங்களாம்," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மண்வெட்டி பிடித்த கை, சொரசொரவென்று இருந்தது.

"செரி, வுடுங்க சார். அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க, பாவம்," என்று என்னைத் தேற்றிவிட்டு லாரியில் ஏறினார்.